சபையிலிருந்து எழுந்த பிற்பாட்டு

கொழும்பில் கூத்துப் பார்க்கப் போகிறவர்கள் நல்ல மனதோடுதான் போகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வேலை முடிந்து, காலி வீதி நெரிசலைக் கடந்து, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்து ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருப்பதற்கு அக்கறை வேண்டும். இருந்தும், சில காலத்துக்கு முன் நகரின் மண்டபமொன்றில் கண்ட ஒரு சிறு சம்பவம் என்னை இன்னும் விட்டபாடில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்த குழுவொன்று வடமோடி என்ற பாணியில் அமைந்த கூத்தொன்றைச் சுருக்கி ஆடிக்கொண்டிருந்தது. அரசனின் வரவு முடிந்து அவன் தன் ஆட்டப் பாட்டான தருவைப் பாட, மத்தளத்தோடு நின்ற, கூத்தைப் பழக்கிய ஆசானான அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதை வாங்கிப் பாடினார்கள். எனக்கு இரண்டு இருக்கை தள்ளி அமர்ந்திருந்த முதிய அம்மா ஒருவர், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அவர்களோடு சேர்ந்து பாடத் தொடங்கினார். குரல் தளர்ந்திருந்தது, ஆனால் சுருதி விலகவில்லை. வலது கை விரல்கள் மடியிலிருந்த கைப்பையின் மேல் சல்லரி என்ற கைத்தாளத்தின் தட்டைப் பிசகாமல் போட்டுக்கொண்டிருந்தன. முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பக்கத்தில் இருந்த பெண், மகளாக இருக்க வேண்டும், அம்மாவின் முழங்கையை மெல்லப் பிடித்தார். பாட்டு நின்றுவிட்டது. முடிவில் சபை முழுவதும் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது.

திரும்பிப் பார்த்தவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் ஒரு நல்ல ரசிகராகத்தான் நடந்துகொண்டார். பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் உள்ள மண்டபங்களில் எத்தனையோ ஆண்டுகளாகக் கச்சேரிகளும் நாட்டிய அரங்கேற்றங்களும் பார்த்துப் பழகியவர்கள் நாம். கலைஞர் மேடையில், நாம் இருளில், இடையில் மௌனம் என்ற ஒழுங்கு நமக்கு மரியாதையின் வடிவமாகிவிட்டது. கீர்த்தனைக்கு அந்த ஒழுங்கு பொருந்தும். ஆனால் பார்ப்பவரின் குரலையும் சேர்த்தே உருவான ஒரு கலையை, பார்ப்பவரின் குரல் இடையூறாகக் கருதப்படும் ஓர் இடத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதை மற்றவர்களுடன் பகிர்ந்துகொண்டோம் என்று நாம் நிறைவு அடைவது சரிதானா என்பதே என் கேள்வி.

களரியைச் சுற்றி நின்றவர்கள்

மட்டக்களப்பில் ஒரு கூத்து அரங்கேறுவதற்கு முன் நடப்பவற்றை எண்ணிப் பாருங்கள். அண்ணாவியார் வந்து, ஊர்ப் பெரியவர்கள் கூடி, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று தீர்மானித்து, அதற்குரிய பாட்டுப் பிரதியான சட்டத்தைக் கொடுக்கிறார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் இரவுகளில் பழக்கம். முதலில் தாளக்கட்டு, பிறகு ஆட்டம், பிறகு பாட்டு. சதங்கை அணியும் நாள் ஒரு விழாவாகிறது. முழு ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, அரங்கேற்றி, அதன் பின்னும் விடாமல் வீட்டுக்கு வீடு போய் ஆடுகிறார்கள். பழகும் இடம் கதவு சாத்திய அறை அல்ல. ஊரின் நடுவே, எல்லோர் காதிலும் விழும்படியாகத்தான் பழக்கம் நடக்கிறது. ஆகவே அரங்கேற்ற இரவன்று வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியைச் சுற்றி அமர்பவர்களில் பெரும்பாலோருக்குப் பாட்டுகள் ஏற்கனவே தெரிந்திருக்கும். அரசனாக ஆடுபவர் எந்த அடியில் வழக்கமாகத் தடுமாறுவார் என்பதுகூடத் தெரிந்திருக்கும். அடுத்த முறை யாருக்குச் சட்டம் கொடுக்கலாம் என்பதும் அந்தக் கூட்டத்திலேயே, தூக்கம் தெளிந்த சிறுவர்கள் களரியின் ஓரத்தில் போட்டுப் பார்க்கும் மிதிகளிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வடமோடியில் அரச உடுப்பின் பாரம் சிறிதல்ல. கரப்புடுப்பும் முடியும் மார்புப் பதக்கமும் அணிந்து, சுழன்று ஆடி, அந்த ஆட்டத்தின் நடுவே உரத்துப் பாடவும் வேண்டும். ஆடுபவர் பாடி முடித்த வரியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிக்கொள்ளும் பொழுதில்தான் அவருக்கு மூச்சு விடக் கிடைக்கிறது. அவர்கள் எவ்வளவு உரமாக வாங்கிப் பாடுகிறார்களோ அவ்வளவுக்கு ஆட்டம் ஏறும். அவர்கள் சோர்ந்தால் ஆடுபவரும் சோர்வார். பிற்பாட்டு என்பது பாட்டை அழகுபடுத்த வந்த சேர்க்கை அல்ல, ஆடுபவரின் நெஞ்சுக்கூட்டிலிருந்து பிறந்த தேவை. மண்டபத்தில் அந்த அம்மா செய்தது அதுதான். உடுப்பின் பாரத்தோடு நின்ற ஒரு மனிதருக்குத் தன் மூச்சைக் கொடுத்தார்.

மேடைக்கு எதிராக நான் பேசுவதாக நினைக்கத் தேவையில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் இல்லாவிட்டால், விடிய விடிய ஆடப்பட்ட கூத்து படித்தவர்கள் மத்தியில் கவனிப்புப் பெற இன்னும் எவ்வளவு காலம் சென்றிருக்குமோ தெரியாது. ஆனால் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’ தயாரிக்கப்பட்டபோது அவர் செய்த மிகப் பெரிய காரியம், கூத்தைச் சுருக்கியதோ மேடைக்கு ஏற்ப ஒழுங்குசெய்ததோ அல்ல என்றே நான் கருதுகிறேன். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரை அழைத்து வந்து மாணவர்களைப் பழக்குவித்தாரே, அதுதான். பல பிரதேசங்களிலிருந்து வந்த பட்டப்படிப்பு மாணவர்கள் தாளக்கட்டுச் சொல்லி, சதங்கை கட்டி, வியர்வை சொட்ட ஆடினார்கள். பின்னர் ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, அந்தக் கலையின் ஆய்வாளராகவும் ஆசிரியராகவும் வாழ்நாள் முழுவதும் உழைப்பவரானார்.

அதற்கு முன்பே சிங்கள அரங்கில் இதே வழியில் ஒரு காரியம் நடந்திருந்தது. எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ 1956ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி இந்தக் கொழும்பில்தான், லயனல் வென்ற் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. அம்பலாங்கொடையின் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே நாடகம என்ற தம் சிங்கள இசைநாடக மரபைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பழக்கியதால்தான் அது முடிந்தது. அந்த நாடகம மரபின் வேரோ நம் கரையோரக் கத்தோலிக்கக் கூத்தில் இருக்கிறது. தமிழ்க் கூத்து சிங்கள ஊர்களுக்குப் போய், அங்கிருந்து நகர மேடைக்கு வந்த அந்த நெடிய பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் இன்னொருவரை எழுப்பி நிறுத்தி, காலைத் தூக்கு என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு கலியாண வீட்டில் கண்டது

நான் வயலின்காரி. வெள்ளவத்தையில் வளர்ந்த பல பெண் பிள்ளைகளைப் போலச் சப்பணம் கூட்டி அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி, ஸரளி வரிசையிலிருந்து தொடங்கி, வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகள் வழியாக வளர்ந்தவள். இப்போது மாலை நேரங்களில் சில பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். ஆரம்ப மாணவர்களுக்கு நான் விரும்பிக் கற்பிப்பது முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை. ஐரோப்பிய மெட்டுகளுக்கு அவர் சம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்த சிறிய உருப்படிகள் அவை. எல்லோருக்கும் தெரிந்த ‘சக்தி ஸஹித கணபதிம்’ ஒரு பிரெஞ்சு நடன மெட்டிலிருந்து வந்தது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் சென்னைப் பக்கத்தில் ஐரோப்பிய வயலினைக் கற்று, நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் முக்கியமானவர். நடனத்துக்கு வாசிக்கப்பட்ட ஒரு வாத்தியமும் நடனத்துக்குப் பிறந்த மெட்டுகளும் நம்மிடம் வந்து, பக்தியோடு அமர்ந்துகொண்டன. அந்த மாற்றம் நமக்கு எவ்வளவோ அருமையான இசையைத் தந்திருக்கிறது. ஆனாலும் வயலினுக்குக் காலோடு இருந்த உறவை நான் கண்ணால் கண்டது கர்நாடக சங்கீத உலகில் அல்ல.

என்னோடு வேலை செய்யும் மட்டக்களப்புப் பறங்கியப் பெண் ஒருவரின் தம்பிக்குக் கலியாணம். போர்த்துக்கேயர் மட்டக்களப்புக் கோட்டையை 1628இல் கட்டினார்கள், பத்து ஆண்டுகளில் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். அவர்கள் போன பின்னும் அவர்களுடைய வழித்தோன்றல்களிடம் ஒரு கிரியோல் மொழியும் கப்ரிஞ்ஞா என்ற ஆட்டமும் தங்கிவிட்டன. தச்சு வேலையும் கொல்லு வேலையும் செய்து, அயலவரோடு மட்டக்களப்புத் தமிழ் பேசி வாழும் அந்தச் சமூகத்தின் கலியாணங்களில், லான்சர்ஸ் என்ற சோடி நடனமும் கப்ரிஞ்ஞாவும் ஆடப்படும். 2004ஆம் ஆண்டு சுனாமி டச் பார் பகுதியில் அவர்களுடைய குடியிருப்பை அடித்துக்கொண்டு போனது. அந்த இழப்புக்குப் பின்னும் ஆட்டம் நிற்கவில்லை என்பதை அன்று அந்த முற்றத்தில் பார்த்தேன்.

வயலின் வாசித்தவர் எழுபதை நெருங்கிய ஒரு தச்சு வேலைக்காரர். எல்லோரும் அவரை அங்கிள் என்றே அழைத்தார்கள். வயலினை நாடியின் கீழ் இறுக்கவில்லை. நெஞ்சின் மேல், தோள் எலும்புக்குச் சற்றுக் கீழே சாய்த்துப் பிடித்திருந்தார். அதனால் அவருடைய முகம் எந்தப் பக்கமும் திரும்ப முடிந்தது, வாசித்துக்கொண்டே பாடவும் முடிந்தது. தந்திகளுக்குக் கீழே பலகையில் ரோசின் தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது, துடைப்பதில் அவருக்கு அக்கறை இல்லை. வில்லின் அடியைப் பிடிக்காமல் அதற்கு மேலே ஓர் அங்குலம் விட்டுப் பிடித்து, நடுப்பகுதியால் மட்டும், சிறு சிறு வெட்டுகளாக இழுத்தார். ஆறு எண்ணிக்கை கொண்ட அந்த நடையை மூன்று மூன்றாகவும் இரண்டு இரண்டாகவும் மாறி மாறிக் கேட்கலாம். நம் காது மூன்று எண்ணிக்கையான திஸ்ரம் என்று பிடித்துக்கொண்ட அடுத்த கணமே அது நழுவி வேறொன்றாகிவிடும். ஆடுபவர்களின் கால்களோ அந்த நழுவலில்தான் துள்ளின.

நான் வாசிப்பேன் என்று யாரோ சொல்லிவிட, இரண்டாவது வயலின் ஒன்று என் கைக்கு வந்தது. மெட்டு சிக்கலானதல்ல. இரண்டு தரம் கேட்டதும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் கர்நாடக இசையில் நீண்ட வில்லில் சுவரங்களை இணைத்து வழுக்கிச் செல்லும் பழக்கம் உள்ள கைக்கு, அந்த மெட்டு ஒரு பாடலாக வந்ததே தவிர ஆட்டமாக வரவில்லை. அங்கிள் வாசிப்பை நிறுத்தாமலே என் பக்கம் சாய்ந்து சொன்னார்: “மகள், விரல விடுங்க. அந்தா சிவப்புச் சாறி உடுத்த பொம்பிளட காலப் பாருங்க. அவ கால் நிலத்தில படக்க உங்கட வில்லு திரும்போணும்.”

நான் பார்த்தேன். மணப்பெண்ணின் பெரியம்மா முறையானவர் அவர். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தார். அவருடைய குதிகால் சிமெந்துத் தரையில் படும் கணத்தில் வில்லைத் திருப்பியபோது மெட்டு முழுவதும் இறுகி நிமிர்ந்தது. அதைவிட முக்கியமான ஒன்றையும் அப்போது கவனித்தேன். அங்கிள் இரவு முழுவதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடுபவர்கள் களைத்தால் அந்தச் சுற்றை முடித்துவிடுவார். புதிதாக ஒரு சோடி உள்ளே வந்தால் மெட்டைத் தொடக்கத்திலிருந்து எடுப்பார். யாரும் ஆடாத நேரத்தில் அவர் வாசிக்கவே இல்லை. வாசிக்கச் சொல்லிக் கேட்டதற்கு, ஆள் எழும்பட்டும் என்றார். ஆடுபவர்களுக்கு அவர் எவ்வளவு தேவைப்பட்டாரோ அவ்வளவு அவருக்கும் அவர்கள் தேவைப்பட்டார்கள்.

கொழும்புக்குத் திரும்பும் இரவு ரயிலில் என் சிந்தனை முழுவதும் இதுவாகத்தான் இருந்தது. மண்டப மேடையில் ஆடுபவருக்கு நாம் தேவைப்படுவதில்லை. நம் கைதட்டல் அவருக்கு மகிழ்ச்சி தரலாம், ஆனால் அது இல்லாவிட்டாலும் ஆட்டம் நடந்து முடியும். காலுக்காகவும் கூட்டுக் குரலுக்காகவும் பிறந்த இசையின்மேல் ஒருவருக்கு உண்மையான பிடிப்பு வருவது, அது தன்னை வேண்டி நிற்கிறது என்று உணரும்போதுதான். நான் நிறுத்தினால் இது தளர்ந்துவிடும் என்ற அந்தச் சிறு பொறுப்பை ஒருவருக்குக் கொடுக்காமல், இந்த இசை எவ்வளவு தொன்மையானது, எவ்வளவு அழகானது என்று எத்தனை உரை ஆற்றினாலும் அவர் ரசிகராக மட்டுமே இருப்பார். நம் கொழும்புத் தமிழர்களுக்கு ஆட வராது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எந்தக் கலியாண வரவேற்பிலும் பைலா தொடங்கும் நேரத்தில் மண்டபத்தைப் பார்க்க வேண்டும். காவல்துறையில் வேலை செய்த வாலி பஸ்தியன்ஸ் 1940களில் கப்ரிஞ்ஞாவை அடியொற்றி வளர்த்தெடுத்த அந்த ஆட்டத்துக்கு, கூத்தின்போது அசையாமல் அமர்ந்திருந்த அதே மனிதர்கள்தான் எழுந்து ஆடுகிறார்கள்.

மொட்டை மாடி

அதன் பின்னர் நண்பர்கள் சிலர் ஞாயிறு மாலைகளில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் கூடத் தொடங்கினோம். வங்கியில் வேலை செய்பவர், பல்கலைக்கழக மாணவர், கும்மிப் பாட்டுகள் நிறையத் தெரிந்த மூன்றாம் மாடி மாமி, நான் என்று எல்லாம் கலந்த கூட்டம். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்தோம். வருபவர் எவரும் சும்மா இருந்து பார்க்க முடியாது. ஒன்றும் தெரியாதவர் கையையாவது தட்ட வேண்டும், வரியின் கடைசிச் சொல்லையாவது வாங்கிப் பாட வேண்டும். மாமி வட்டத்தின் நடுவில் நின்று கும்மிக்குக் குனிந்து நிமிரும் அளவைக் காட்டிக் கொடுத்தார். நான் அவருடைய காலைப் பார்த்து வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். அக்கம்பக்கத்தில் முறைப்பாடு வந்தது உண்மை. எட்டு மணிக்குள் முடிப்பதாக உடன்பாடு செய்துகொண்டோம்.

இந்தக் கூட்டத்துக்கு, மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவர், தப்பு என்ற தோல்கருவியோடு வந்தார். வந்த அன்று அவர் முதலில் கேட்டது பழைய செய்தித்தாள். நான் ஏன் என்று புரியாமல் எடுத்துக் கொடுத்தேன். மாடியின் மூலையில் அதைக் கொளுத்தி, தப்பின் தோலை நெருப்புக்குக் காட்டி, சுழற்றிச் சுழற்றிக் காய்ச்சினார். இடையிடையே விரலால் சுண்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். மந்தமாக இருந்த ஒலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஒரு கட்டத்தில் வெடித்ததுபோல் தெறித்தது. கடற்காற்றின் ஈரத்தில் தோல் சீக்கிரம் இறங்கிவிடுவதால், அரை மணிக்கு ஒரு தரம் அதை மறுபடியும் காய்ச்ச வேண்டியிருந்தது. வயலினின் பிரடையைத் திருகிச் சுருதி சேர்க்கும் எனக்கு, நெருப்பில் சுருதி சேர்க்கும் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

அடுத்த வாரம் ஒரு பெற்றோர் தம் மகளை அனுப்பவில்லை. கும்மிக்கு அனுப்பலாம், தப்பு அடிக்கும் இடத்துக்கு அனுப்ப முடியாது என்றார்கள். இதை நான் மென்மையாகச் சொல்லிக் கடந்துபோக விரும்பவில்லை. சாவு வீட்டிலும் கோயில் வாசலிலும் அந்தத் தோல்கருவியை அடிக்க வேண்டும் என்று சில மக்களை நம் சமூகம் கட்டாயப்படுத்தியது. அடித்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. இப்போது மேடையில் விளக்கொளியில் அதே கருவி ஒலிக்கும்போது நம் பாரம்பரியம் என்று பெருமை கொள்கிறோம், அதைக் கையில் எடுப்பவர் நம் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பதைப் பொறுக்க மாட்டாமல் இருக்கிறோம். நாட்டார் இசைமேல் அன்பு என்று நான் சொல்வதில் அதை வாசிப்பவர்மீது மரியாதை அடங்கவில்லை என்றால், அந்தச் சொல்லை நான் பயன்படுத்தத் தகுதியற்றவள். தம்பியிடம் இதை மறைக்காமல் சொன்னேன். “தெரியும் அக்கா, எங்க ஊர்லயும் இருக்கு” என்றார். மறுவாரமும் தப்போடு வந்தார். அந்த மகளோ இப்போது வேலைக்குப் போகும் வயதுக்கு வந்து, தானாகவே வருகிறாள்.

நீண்டகால ரசிகரான ஒரு பெரியவர் என்னோடு இதுபற்றி வாதாடினார். மண்டபம் இல்லாவிட்டால் வெள்ளவத்தைப் பிள்ளை ஒன்று கூத்தை எங்கே பார்க்கும், மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக இந்த நகரத்தில் யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. மண்டபங்களைப் பூட்டச் சொல்லவில்லை. கூத்து தொடங்குமுன் அரை மணி நேரம் ஒதுக்கி, அண்ணாவியார் சபைக்கு ஒரே ஒரு தருவின் பிற்பாட்டையும் அதன் தட்டையும் சொல்லிக் கொடுக்கட்டும், அந்தத் தரு வரும்போது மண்டபத்தின் விளக்குகளைப் போட்டுவிடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். ஏற்பாட்டாளர்கள் சிலரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். நேரம் போதாது என்பதுதான் இதுவரை கிடைத்த பதில். வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் செலவாகும் நேரத்தில் இது தாராளமாக முடியும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாசி நெருங்குவதால் மொட்டை மாடியில் இப்போது வேறொரு பேச்சு. மலையகத் தோட்டங்களில் மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்திலிருந்து ரதி மன்மதன் ஆட்டத்தை மட்டும் எடுத்து இங்கே ஆடிப் பார்க்கலாமா என்று மாணவர்கள் கேட்டார்கள். தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. அமாவாசைக்குப் பின் கம்பம் ஊன்றி, வேடம் கட்டுபவர்கள் விரதம் இருந்து, பௌர்ணமியன்று காமனை எரிப்பது வரை தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள்தோறும் எல்லோரும் கூடிச் செய்யும் காரியம் அது, அதில் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவர மனம் வரவில்லை என்றார். வேண்டுமானால் எல்லோரும் தன் தோட்டத்துக்கு வாருங்கள், அங்கே வந்து கூட நில்லுங்கள், கட்டாயம் ஏதாவது வேலை கொடுப்பார்கள் என்றார். மாமி மலைக்குளிருக்குக் கம்பளிச் சட்டை தேடத் தொடங்கிவிட்டார். வயலினைக் கொண்டு வரலாமா என்று கேட்டிருக்கிறேன். அங்குள்ள கூத்து வாத்தியாரிடம் கேட்டுச் சொல்வதாகத் தம்பி சொல்லியிருக்கிறார்.